பழைய கை

கஞ்சி காய்ச்சுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மகால் பக்கம் எந்த நெசவாளியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் ஐயா. விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீளக் கட்டி நான் கஞ்சி தேய்த்தால் ஓர் இழை அறாது. சீதாராமன் கை பட்டது என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் இந்தக் கைப்பழக்கத்தால் வந்தது.

உக்கிரபாண்டி அண்ணனை முதலில் பார்த்தது இருபத்திரண்டாம் வருஷம். எனக்குக் கல்யாணமான புதிது. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே குத்துச்சண்டை பழகி வந்தவர். வைகை மணலில் போட்ட கூடாரத்தில் ஒரே நாளில் மூன்று பேரைச் சாய்த்தார். அன்றிலிருந்து அவர் மூலையில் தண்ணீரும் துண்டுமாக நின்றவன் நான். கையுறைக்குள் அவர் கைக்குத் துணி சுற்றியதும் நான்தான். அவர் சண்டையை விட்டுப் பத்து வருஷமான பிறகும் நான் மட்டும் அந்த மூலையை விட்டு வரவில்லை.

முப்பத்தொன்பதில் காசிமாயன் வந்தான். கல்லுப்பட்டிப் பக்கத்துப் பையன், இருபத்துமூன்று வயது, பட்டாளத்து வெள்ளைக்காரனிடம் பழகியவன். அவனைத் தொடுவதற்கே ஆள் இல்லை. ஆரப்பாளையத்தில் மலையாண்டி காப்பிக்கடையில் தினமும் இதே பேச்சு. பழைய ஆட்கள் இந்தக் காலத்துப் பையன்கள் முன்னால் நிற்பார்களா, மாட்டார்களா. நான் நிற்பார்கள் என்பேன். கடை மொத்தமும் சிரிக்கும்.

"ஒங்க ஆளு நின்ன எடத்துல நின்னு குத்துவாருண்ணே. இவன் நடந்துக்கிட்டே குத்துறான். அவரு கை வர்றதுக்குள்ள இவன் காப்பி குடிச்சிட்டு வந்துருவான்" என்றான் மலையாண்டி.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழு வருஷம் நான் சொல்லி வந்ததெல்லாம் பொய்யா என்று ஆகிவிட்டது. அண்ணனிடம் போய்ப் பந்தயத்துக்கு வரச் சொன்னேன்.

"எனக்கு நாப்பத்திநாலு ஆச்சு மாப்ள. அவன் நல்லாத்தான் அடிக்கிறான். விட்டுத் தொலையேன்" என்றார்.

நான் விடவில்லை. நீங்கள் பயந்து ஒளிகிறீர்கள் என்று காசிமாயன் பேசித் திரிவதாகச் சொன்னேன். அவன் அப்படிச் சொன்னதே இல்லை. அண்ணன் பெயரை எடுத்தாலே எழுந்து நிற்கிற பையன் அவன்.

அண்ணன் பழகத் தொடங்கினார். முதல் வாரம் ரொம்ப மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது, வாங்கத்தானே செய்யும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம்தான் இரண்டு படி புளியங்கொட்டை வாங்கினேன்.

புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் வரும் பசை சாதாரணக் கஞ்சி மாதிரி இல்லை. காய்ந்தால் கட்டை. துணியை அதில் தோய்த்து என் கையிலேயே சுற்றிக் காயவைத்து, மேலே கையுறை மாட்டி வீட்டுத் தூணில் குத்திப் பார்த்தேன். தூணில் குழி விழுந்தது. எனக்கு வலிக்கவில்லை. வேர்வை ஊறினால் இளகி, அரை மணி நேரத்தில் பழையபடி வெறும் துணியாகிவிடும் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

பந்தயத்தன்று மத்தியானமே அண்ணன் கைக்குச் சுற்றி வெயிலில் உட்கார வைத்தேன். பசையில் மஞ்சள் கலந்திருந்தேன். பழைய முட்டி உடையாமல் இருக்க மருந்து என்றேன். நான் சுற்றிய துணியை அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

கையுறை மாட்டுமுன் எதிராளியின் கைக்கட்டைத் தடவிப் பார்ப்பது வழக்கம். காசிமாயனின் ஆள் அதற்காக வந்தான். காசிமாயனே அவனைத் தடுத்துவிட்டான்.

"அண்ணன் கையவா சோதிக்கிறது? அசிங்கமா இல்ல?"

சொல்லிவிட்டுக் குனிந்து, அண்ணனின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கல்லு மாதிரி இருக்குண்ணே. பழைய கை பழைய கைதான்."

அப்போது நான் வாய் திறந்திருக்கலாம். கையுறையை எடுத்து மாட்டினேன்.

முதல் ரவுண்டில் அண்ணன் குத்து ஒன்றும் படவில்லை. அவர் முகத்தில்தான் ரத்தம். இரண்டாவதில் மூலையில் மாட்டிய அண்ணன் விட்டது ஒரே ஒரு குத்து, காசிமாயனின் இடது நெற்றிப்பொட்டில் விழுந்தது. அவன் உட்கார்ந்தான். பிறகு படுத்துக்கொண்டான். கூட்டம் அண்ணனைத் தோளில் தூக்கியபோது நானும் ஒரு காலைப் பிடித்திருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் பையன் செத்துப்போனான். துணியை அதற்கு முன்பே துவைத்து உலர்த்திவிட்டேன்.

பந்தயத்தில் நடந்த சாவு என்று உங்கள் போலீஸ் ஆட்களும் எழுதி முடித்தார்கள். அண்ணன் முடிக்கவில்லை. காசிமாயனின் தாய் ஒச்சாயி வீட்டு வாசலில் போய் நின்றார். மூன்று வருஷமாக அந்த அம்மாளின் புஞ்சையை உழுகிறார். அவள் இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லையில் சோற்றை வைத்துவிட்டுப் போவாள். அவர் வலது கையால் அள்ளிச் சாப்பிடுவதை விட்டுவிட்டார்.

நான் மூன்று வருஷமும் காப்பிக்கடைக்குப் போனேன். மலையாண்டி இப்போது காசு வாங்குவதில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணே என்பான். ஆமாம் என்று குடித்துவிட்டு வருவேன். இரவெல்லாம் அண்ணன் கையைக் கண்ணில் ஒற்றிய அந்த முகம் வரும். நான் பாவிதான் ஐயா, அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

போன வெள்ளிக்கிழமை புஞ்சைக்கே போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மேழியைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப, நான் தோத்துருவேன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியுமா மாப்ள?"

அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து நேராக இங்கே வரத்தான் கிளம்பினேன், வந்து சேர நாலு நாள் ஆகிவிட்டது.

காசிமாயனைக் கொன்றது நான். அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பசை இல்லாவிட்டாலும் அன்றைக்கு உக்கிரபாண்டி அண்ணன்தான் ஜெயித்திருப்பார்.