கொழுத்த கிடாரியும் தங்காத கருவும்

இந்தக் கன்றுப் பேரணிக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் திரு. செல்லதுரை அவர்களே, காலை முதல் வெயிலில் நின்று கன்றுகளுக்கு ஊசி போட்டுக் களைத்திருக்கும் கால்நடை மருத்துவர் திரு. மூஸா அவர்களே, நாற்காலி போட்டும் உட்காராமல் ஓரமாக நிற்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் திரு. வீரையன் அவர்களே, வயதில் என்னை மிஞ்சிய பெரியோர்களே, ஒரு கையில் கன்றும் மறு கையில் பிள்ளையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் மங்களாம்பிகையின் வணக்கம்.

நான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். எழுபத்தொரு வயதில் நன்றி சொல்லிப் பழகுவது எளிதா? கணவர் காலமான பிறகு முப்பது வருடம் நிலத்தையும் நீரையும் தனியாகக் கட்டி ஆண்டவளுக்கு, உத்தரவு போட வரும். நன்றி சொல்ல வராது. ஆகையால் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில் என் வீடு. என்னிடம் ஒரு செவலைக் கிடாரி இருந்தது. அதை வீரையனின் மனைவி வேம்பு அவர்களிடம் வாரத்துக்கு விட்டிருந்தேன். வாரம் என்றால் உங்களுக்குத் தெரியும். மாடு என்னுடையது, வளர்ப்பு அவருடையது. ஈனும் முதல் கன்று வளர்த்தவருக்கு, அடுத்த கன்று எனக்கு. காகிதம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் தை அறுவடையில் என்ன நடந்தது என்பதை இந்தக் கூட்டத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. கதிர் முற்றிச் சாய்ந்தது, கொடி பறந்தது, அரிவாள் எதுவும் வயலில் இறங்கவில்லை. கூலியில் ஒரு மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டார்கள். கொடியைப் பிடித்து முன்னால் நின்றவர் இந்த வீரையன். எனக்குக் கோபம் வந்தது. நெல்லைக் கேட்டவனிடம் கோபித்த நான், என்ன செய்தேன் தெரியுமா? அவன் வாசலில் கட்டியிருந்த கிடாரியை அவிழ்த்து வரச் சொன்னேன். வீரையன் அவர்களே, நீங்கள் சிரிக்கலாம். அன்று நீங்கள் சிரிக்கவில்லை.

மூன்று வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டது கிடைத்தது. கிடாரி மட்டும் திரும்பவில்லை.

ஏன் திருப்பவில்லை? விலா எலும்பு இரண்டு வெளியே தெரிந்ததாம். அதைப் பார்த்து என் மனம் பொறுக்கவில்லையாம். ஊருக்கு அப்படித்தான் சொன்னேன். என் கொட்டிலில் அது எப்படித் தேறுகிறது பார் என்று காட்ட நினைத்தேன். தவிடு தந்தேன், தட்டாமல் தந்தேன். புண்ணாக்கு தந்தேன், பொங்கப் பொங்கத் தந்தேன். பருத்திக்கொட்டை…

யாரது, எவ்வளவு என்று கேட்கிறது? காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி. அரிசிக் கஞ்சி தனி. சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான்.

பங்குனியில் கிடாரி எண்ணெய் தடவிய தேர்ச் சக்கரம் மாதிரி இருந்தது. டாக்டர் மூஸா சைக்கிளில் ஐஸ் டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து சினை ஊசி போட்டார். தங்கவில்லை. மறுபடி போட்டார். தங்கவில்லை. மூன்றாம் முறையும் தங்கவில்லை. ஆனி மாதக் கடைசியில் தரகரை வரச் சொன்னேன். மலட்டு மாட்டுக்கு என் வீட்டில் இடம் ஏது?

தரகர் வருவதற்கு முன்னால் டாக்டரைக் கூப்பிட்டுத் திட்டிவிட நினைத்தேன். "ஒங்க ஊசியில சத்தே இல்ல டாக்டர்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எந்தெந்த நாள் திரும்பப் பருவத்துக்கு வந்துச்சும்மா? ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஞாபகமா? கான்வென்டில் படித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? தேதி இல்லாமல் ஒரு வரி எழுதினால் ஸ்கேல் விரல் முட்டியில் விழும் பள்ளிக்கூடம் அது. நோட்டை எடுத்து நீட்டினேன். முதல் ஊசிக்குப் பிறகு இருபத்தோராம் நாள். இரண்டாம் ஊசிக்குப் பிறகு முப்பத்தைந்தாம் நாள். மூன்றாவதற்குப் பிறகு முப்பத்தேழாம் நாள்.

டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு உள்ளங்கையைக் கிடாரியின் விலாவில் வைத்து அழுத்தித் தேடினார். "அம்மா, ஊசி பிடிக்கலன்னா இருபத்தோரு நாளில திரும்பிடும். முப்பத்தஞ்சு நாள் தள்ளிப்போயிருக்குன்னா கரு உண்டாயிருக்கு. உண்டாகி அழிஞ்சிருக்கு. ரெண்டு தரம்."

அழிந்திருக்கிறது. என் கொட்டிலில், என் கண் முன்னால், நான் தவிடு குழைத்துக்கொண்டிருந்த நாளில்.

"நோயா டாக்டர்?" என்றேன்.

"நோய்க்கான அடையாளம் எதுவும் தெரியல. கொழுப்புதான் காரணமா இருக்கும். ஒரு கரு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். ஏழாம் நாள்ல கூட அது கண்ணுக்குப் படாத புள்ளிதாம்மா. அதுக்குத் தாயோட உடம்புதான் ஊரு, உலகம் எல்லாம். தாய் அளவுக்கு மேல கொழுத்திருந்தா முட்டையே சரியாத் தேறாது, கரு பிரியறதும் தடுமாறும். பட்டினி கெடந்தாலும் இதே கதிதான். விலா ரெண்டு லேசாத் தெரியற மாதிரி இருக்கணும்."

அப்போது வாசலில் ஒரு குரல். தரகர் வருகிற செய்தி காதில் விழுந்து வேம்பு அவர்கள் வந்து நின்றார்.

"ஆச்சி, மாட்டை விக்கிறது ஒங்க இஷ்டம். அதுக்கு முன்னால என் கன்னுக்குப் பதில் சொல்லுங்க."

"எந்தக் கன்னுடி? ஒண்ணுமே தங்கலயே."

"எங்கிட்ட இருந்திருந்தா தங்கியிருக்கும். என்னமோ எலும்பு தெரியுதுன்னு ஓட்டிட்டு வந்தீங்க. இப்ப எலும்பைக் காட்டுங்க பாப்போம். களத்துல போரடிக்கிற பொணையல் மாடு மாதிரி நாலு சுத்து நடந்தாலே மூச்சு வாங்கும் போலருக்கு."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் பார்த்தேன் டாக்டர்.

"படிச்சவர் சொல்றதும் நீ சொல்றதும் ஒண்ணா இருக்கு" என்றேன்.

"மாடு ஒண்ணுதானே ஆச்சி" என்றார் வேம்பு.

தாய்மார்களே, அந்த இடத்தில் என் முன்னால் இரண்டு வழி இருந்தன. தரகர் கையில் கயிற்றைக் கொடுத்தால் என் வீம்பு பிழைக்கும். வேம்பு கையில் கொடுத்தால் கிடாரி பிழைக்கும். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

என்ன மந்திரம் செய்தார் அவர்? ஒரு மந்திரமும் இல்லை. பட்டினி போடவில்லை. வரப்புப் புல், வைக்கோல், மாலையில் ஒரு கைத் தவிடு. தினமும் ஆற்றங்கரை வரை நடை. வாரம் ஒருமுறை நான் தையல் டேப்போடு போய் மார்புச் சுற்றளவை எடுத்துத் தேதி போட்டு எழுதினேன். மெல்ல மெல்ல இறங்கியது. ஐப்பசி மழையில் டாக்டர் நனைந்துகொண்டே வந்து ஊசி போட்டார். இருபத்தோராம் நாள் பருவத்துக்கு வந்து கத்தவில்லை. முப்பத்தேழாம் நாள் கத்தவில்லை. நாற்பதாம் நாள் நான் நோட்டை மூடிவிட்டேன். ஆடியில் கிடாரிக் கன்று பிறந்தது.

இதை ஒரு மாட்டுக் கதை என்று எண்ணிக் கலைந்துவிடாதீர்கள். பெண்ணை மாட்டோடு ஒப்பிடுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். நானும் ஒரு பெண்தான். டாக்டர் சொன்ன அந்த ஏழு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. கரு உண்டாகிவிட்டது, ஆனால் தாய்க்கே தெரியாது. அந்த நாளில் அவள் என்ன தின்றாள்? யார் கொடுத்தார்கள்? யார் பிடுங்கினார்கள்? நம் வயலில் வரிசை வரிசையாக நாற்று நடுகிறார்களே, அவர்களில் யார் வயிற்றில் இன்று ஓர் உயிர் ஒன்று இரண்டாகப் பிரிகிறது? எனக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? அவளுக்கே தெரியாதே. தெரிந்த பிறகு கொடுக்கலாம் என்றால் காலம் கடந்துவிடும். ஆகவே தெரியாமலே கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மரக்கால் நெல் நியாயமானது. இதை என் வாயால், ஒலிபெருக்கியில், நானே சொல்கிறேன்.

கைதட்டல் போதும் வீரையன் அவர்களே. நில உச்சவரம்புச் சட்டத்தில் போன என் நிலத்தைப் பற்றி வேறொரு மேடையில் நாம் சண்டை போடுவோம்.

இப்போது தலைவர் அவர்கள் கையில் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறார். இன்றைய முதல் பரிசு செவலைக் கன்றுக்கு. உரிமையாளர் மங்களாம்பிகை என்று எழுதியிருக்கிறது. தாய் மாடு என் பெயரில் பதிவாகியிருப்பதால் வந்த தவறு இது. முதல் கன்று வளர்த்தவருக்கு. தலைவர் அவர்களே, பேனாவைக் கொடுங்கள். என் பெயரைக் கோணலாக அடிக்கக் கூடாது, ஒரே கோடு. மேலே, தெளிவாக, வே, ம், பு.

மாட்டையும் நீயே வைத்துக்கொள் என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். "இனாம் வாணாம் ஆச்சி. அடுத்த கன்னு ஒங்களுது. பேசுனது பேசுனதுதான்" என்றுவிட்டார். அப்படிப்பட்டவரிடம் நான் வாய்ப்பேச்சை மீறினேன். அன்று தொண்டையில் நின்ற சொல் இன்று வெளியே வரட்டும். மன்னித்துவிடுங்கள், வேம்பு. நன்றி.

மேடைக்கு வாருங்கள். வரமாட்டாராம். கன்று கூட்டத்தைக் கண்டு மிரளுகிறதாம், கயிற்றை விட முடியாதாம். சரிதான், அதுவே முக்கியம். அப்படியே நில்லுங்கள். நான் கீழே வருகிறேன்.

டாக்டர், கையைப் பிடியுங்கள், படி உயரமாக இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும், உங்களோடு வந்திருந்தும் இன்னும் யார் கண்ணிலும் படாத உயிர்களுக்கும், என் வணக்கம்.