மூணாவது லெவல்

பையை அப்பறம் கட்டிக்கலாம் மச்சான், மொதல்ல உக்காருங்க. கை கழுவக்கூடத் தண்ணி இல்ல, இப்பத்தான் மோட்டாரைப் போட்டேன். உங்க தங்கச்சி என்னென்ன எடுத்துட்டு வரச் சொன்னா? எல்லாமேவா? ஸ்வெட்டருமா? ஆபரேஷன் பண்ண ஒடம்பு, உங்க வீட்டுல கொஞ்ச நாள் ஓய்வெடுத்துட்டு வரேன்னுதானே போனா. குளிர் காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே. சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல.

அவ வாயே தெறக்கலையா? அதனால என்னைக் கேக்கறீங்க. கேளுங்க. ஆனா யார் மேல தப்புன்னு மட்டும் கேக்காதீங்க. அந்தக் கேள்வியே எங்க ஆபீஸ்ல கெடையாது. நெசமாத்தான்.

பிஸ்கட் கம்பெனில நான் பேக்கிங் சூப்பர்வைசரா இருந்தப்ப பாத்திருக்கீங்களே. பெல்ட் நின்னா போதும், மேனேஜர் மாடிலேர்ந்து எறங்கறதுக்கு முன்னாடியே அவர் கொரல் எறங்கி வந்துரும், எவன்டா அவன்னு. பெல்ட் ஏன் நின்னுதுன்னு எவனும் பாக்க மாட்டான். திட்டு வாங்க ஒரு ஆள் கெடைச்சாப் போதும். பாதி நாள் அந்த ஆள் நான்தான்.

இப்பவும் பெல்ட்டு வேலைதான், பேரு மட்டும் டெவ்ஆப்ஸ். புரோகிராம் எழுதறவங்க எழுதித் தருவாங்க, அது ஜனங்க கைக்குப் போய்ச் சேந்து, நிக்காம ஓடற வரைக்கும் எங்க பாடு. வரலாறு படிச்சவன் கம்ப்யூட்டர்ல போய் என்ன கிழிக்கப் போறான்னு இதே சோபால உக்காந்து கேட்டீங்க. இல்லல்ல, நியாயமான கேள்விதான். நானே தெனமும் கேட்டுக்குவேன். கேக்காத ஒரே ஆள் அவதான். கண்ணாஸ்பத்திரி ரிசப்ஷன்ல நாள் பூரா நின்னுட்டு வந்து, வெங்காயம் உரிச்சுக்கிட்டே, நான் படிச்சதை ஒப்பிக்கச் சொல்லிக் கேப்பா. இன்னிக்கும் லினக்ஸ் கமாண்ட் என்னைவிட அவளுக்குத்தான் ஞாபகம்.

சேந்த புதுசுல ஒரு கமாண்டை தப்பான மெஷின்ல அடிச்சிட்டேன் மச்சான். மொத்த வெப்சைட்டும் படுத்துருச்சு. வேலை போச்சுன்னு முடிவு பண்ணி டிபன் பாக்ஸைக்கூட பையில வச்சிட்டேன். ஒருத்தரும் கத்தல. ரூம்ல உக்கார வச்சு, காபி குடுத்து, யார் பண்ணதுன்னு கேக்காம, இப்படிப் பண்ண முடியற மாதிரி நாம ஏன் விட்டு வச்சோம்னு கேட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மனுஷனை மனுஷனா நடத்தற எடம்னு அன்னிக்குத் தோணுச்சு.

அதையே வீட்டுலயும் கொண்டு வந்தேன். பால் அடிப்பிடிச்சா பாத்திரத்தை நடுவுல வச்சு மீட்டிங். மொதல்ல சிரிப்பா. அப்பறம் சிரிக்கறது கொறைஞ்சுது. ஏன்னா, நான் எதை மறந்தாலும் செய்யற முறைலதான் ஓட்டை, என் மேல தப்பில்லன்னு முடியும் மீட்டிங். எப்படியோ அப்படித்தான் முடிஞ்சுது.

ஆமா, ஆஸ்பத்திரிக்கு வரேன். குடல்வால் வெடிக்கற நெலமைன்னு சொன்னாங்களாமே. புருஷன் எங்கன்னு கேட்டு, கடைசில நீங்கதான் ஓடி வந்து கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கு நான் இன்னும் நன்றிகூட சொல்லல. அவ கூப்பிட்டப்ப என் போன் அடிக்கவே இல்ல மச்சான், சத்தியமா. அவகிட்டயும் அதைத்தான் சொன்னேன். கையில டிரிப்ஸோட படுத்திருந்தா. நம்பலன்னா நீயே பாருன்னு போனைக் குடுத்தேன். அங்கதான் நான் பண்ண... தப்புன்னு சொல்ல மாட்டேன். பாத்துட்டு, போனைத் திருப்பிக் குடுத்துட்டு, சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

என்ன பாத்தான்னு உங்ககிட்ட சொல்லவே இல்லையா? அவ அப்படித்தான்.

பெருசா ஒண்ணுமில்ல மச்சான். எங்க வேலைல அலாரம் வந்துக்கிட்டே இருக்கும். எல்லாத்துக்கும் எழுந்து ஓடினா பைத்தியம் புடிச்சிரும், அதனால பிரிச்சு வைப்போம். முதல் லெவல்னா எங்க இருந்தாலும் அலறும். ரெண்டாவதுன்னா ஒரே ஒரு மணி. மூணாவதுக்கு சத்தமே கெடையாது, வேலை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம். என் போனையும் அதே மாதிரி பிரிச்சு வச்சேன். முதல்ல ஆபீஸ் சர்வர். ரெண்டாவதுல டீம் லீடர், அப்பறம் மொட்டை மாடி தண்ணித் தொட்டி. நெறஞ்சா போனுக்கு சொல்லும், அவ கேட்டான்னு நானே செஞ்சு வச்சது. மூணாவதுல கரண்ட் பில், செருப்புக்கடை விளம்பரம், அவ.

அப்படிப் பாக்காதீங்க மச்சான். மூணாவதுன்னா முக்கியமில்லன்னு அர்த்தம் இல்ல. பொறுத்துக்கும்னு அர்த்தம். அவ பொறுத்துக்குவா. எப்பவும் பொறுத்துக்கிட்டுத்தானே இருந்தா.

இப்ப மாத்திட்டேன். முதல் லெவல்ல அவ ஒருத்திதான். குளிக்கப் போனாக்கூட போனைப் பக்கத்துல வச்சுக்கறேன். நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறா, பரவால்ல. அவளா எப்பவாவது கூப்பிட்டா... இருங்க, அடிக்குது.

இல்ல. தண்ணித் தொட்டி, நெறஞ்சிருச்சாம். நீங்க பையைக் கட்டுங்க மச்சான். ஸ்வெட்டர் மேல் தட்டுல இருக்கு. நான் போய் மோட்டாரை நிறுத்திட்டு வரேன்.