மூணாவது தட்டு

அப்போ என் பெண்டாட்டி ஹிஸ்கே பேசினதக் கேட்டுத்தான் முடிவு பண்ணீங்களா? நெசமாவா? இல்லம்மா, தப்புன்னு சொல்லல. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. மறதி நோய்க்கு மூணு வருஷமா இங்க வந்து மருந்து ஏத்திக்கற பொம்பள, போன வாரம் அவ அக்கா எங்க வீட்டுக்கு வந்தத இவ்வளவு அழகா சொல்றாளே, நம்ம அப்பாவுக்கும் ஏத்திப் பார்ப்போமேன்னு தோணத்தானே செய்யும். இன்னும் கையெழுத்துப் போடலல்ல? சரி சரி. அந்தத் தாள அப்படியே மடியில வெச்சுக்கோங்க. உங்கப்பாவ ரத்தம் எடுக்கத்தானே கூட்டிட்டுப் போயிருக்காங்க, வர இருவது நிமிஷமாவது ஆகும். அவசரமே இல்ல.

நீங்க மரியாதையா ஒரு நாற்காலி விட்டுத்தான் உக்காந்தீங்க. நான்தான் எந்திரிச்சு வந்து ஒட்டிக்கிட்டேன், பயந்துடாதீங்க. என் பேரு வீட்சே. வடக்குக் கோடி, ஃப்ரீஸ்லாந்துக்காரன். எங்க பக்கம் ஒருத்தன் சேந்தாப்ல நாலு வார்த்த பேசினா குடிச்சிருக்கானான்னு மோந்து பார்ப்பாங்க. நான் முப்பத்தஞ்சு வருஷம் கால்வாய்ல பாலம் தூக்கற வேலை பார்த்தவன். கண்ணாடிக் கூண்டுக்குள்ள நான் மட்டும். படகு வந்தா தூக்கணும், போனா எறக்கணும். ஒரு நாள் பூரா வாயத் தொறக்காம இருந்திருக்கேன். இன்னிக்கு என்னமோ மூட முடியல. ஒரு நிமிஷம், அவ உள்ள இருக்கற அந்தக் கதவு தொறந்த மாதிரி இருந்துச்சே. இல்ல, பக்கத்து ரூம்பு.

மணி என்ன? பத்தே முக்காலா? சரி. பதினொண்ணரைக்குத்தான் ட்ரிப்ஸ்.

காபி வேணுமா? வேணாம், அந்த மெஷின் காபி கழுவுன தண்ணி மாதிரி இருக்கும். எங்கிட்ட சீஸ் வெச்ச ரொட்டி இருக்கு. அதுவும் வேணாமா. எனக்கும் எறங்கல.

உங்களுக்கு எல்லாம் சொல்லியிருப்பாங்க. மூளையில ஒரு மாதிரி புரதம் அழுக்காட்டம் படியுது, இந்த மருந்து அதக் கழுவி விடும். கழுவி விட்டா மறதி நிக்குமா நிக்காதா, அதத்தான் இவங்க ஆராய்ச்சி பண்றாங்க. அவங்களுக்கே தெரிஞ்சிருந்தா நம்மள எதுக்குக் கூப்பிடப் போறாங்க? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. மூணு வருஷமா நாலு வாரத்துக்கு ஒருதடவ நான் வண்டி ஓட்டிட்டு வர்றேனே, உப்புத்தண்ணிக்குத்தான் வர்றேனோ என்னமோ.

அந்தத் தாள்ல உங்க பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு? கூட்டாளின்னு இருக்கா? ஆங். அங்கதாம்மா விஷயமே இருக்கு. நோயாளிக்கு ஒரு கூட்டாளி வேணும், கூடவே இருக்கறவங்களா. ஆறு மாசத்துக்கு ஒருதடவ பரிட்சை. மொதல்ல கூட்டாளிய மட்டும் தனியா உள்ள கூப்பிடுவாங்க. போன வாரம் அவங்களுக்கு நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, வெவரமா சொல்லுங்கன்னு கேட்டு எழுதிக்குவாங்க. எங்க போனீங்க, யாரு வந்தா, என்ன சாப்பிட்டீங்க, எல்லாம். அப்புறம் நம்மள வெளிய அனுப்பிட்டு அவங்கள உள்ள கூப்பிட்டு, போன வாரம் என்ன நடந்துச்சும்மான்னு கேப்பாங்க. எவ்வளவு ஒத்துப்போகுதோ அவ்வளவு மார்க்கு. இப்ப உள்ள அதான் நடக்குது.

மொத தடவ நான் யோக்கியமாத்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுல பொறந்தநாளு, வட்டமா உக்காந்திருந்தோம், ஆப்பிள் கேக்கு ஒரு துண்டு, மழைன்னு சீக்கிரமே வந்துட்டோம்னு சொன்னேன். ஹிஸ்கே உள்ள போனா. வெளிய வந்தப்போ மூஞ்சி செவந்து கெடந்துச்சு. என்ன கேட்டாங்கன்னே தெரியல, எனக்கு ஒண்ணும் வரலன்னா. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தவம்மா. அடுத்தவன் நோட்டப் பார்த்து எழுதினான்னு சொந்த அண்ணன் மகனுக்கு முட்டை போட்டவ. அவ அப்படித் தலை குனிஞ்சு நிக்கறத என்னால பார்க்க முடியல. அன்னிக்கே மர்லூஸ், அந்த நர்ஸு, நல்ல பொண்ணுதான், மெல்லமா சொன்னா. ரெண்டு தடவ ரொம்பக் கொறஞ்சா ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துடுவாங்களாம். எடுத்துட்டா மருந்து கெடையாது. மருந்து இல்லன்னா என்ன இருக்கு சொல்லுங்க? வீட்டுக்குப் போயி ஜன்னல பார்த்து உக்காந்திருக்க வேண்டியதுதான்.

அதனால அடுத்த தடவ வண்டியில வர்றப்போ சொல்லிக் குடுத்தேன்.

ஆமாம்மா. சொல்லித்தான் குடுத்தேன். நீங்க வடக்குப் பக்கம் வந்திருக்கீங்களா? கடலுக்குக் குறுக்க அந்த அணை ரோடு இருக்கே, முப்பத்திரண்டு கிலோமீட்டரு. ஒரு திருப்பம் கெடையாது, ஒரு மரம் கெடையாது. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் புல்லு மேடு. அங்க வேடிக்க பார்க்க ஒண்ணுமே இல்ல, பாடம் படிக்க அத விட நல்ல எடம் கெடைக்காது. ஹிஸ்கே, ஞாயித்துக்கெழம எங்க போனோம்? துறைமுகத்துக்கு. என்ன தின்னோம்? பொரிச்ச மீனு. யாரப் பார்த்தோம்? மறுபடி சொல்லு. மறுபடி. அவ சீட்டு பெல்ட்ட இழுத்து விட்டுக்கிட்டு நிமிந்து உக்காந்து, மொத பெஞ்சுப் பொண்ணு மாதிரி ஒப்பிப்பா. எனக்கு சிரிப்பு வரும்.

ரெண்டு தடவ அப்படியே ஓடிருச்சு. மூணாவது தடவ ஒண்ணும் ஒட்டல. அணைய தாண்டிக் கரை ஏறினதுமே போச்சு. மீனா, என்ன மீனுங்கறா. வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டேன். இவ மனசுல ஒட்டற மாதிரி ஒண்ணு வேணும், நடந்ததுல அப்படி ஒண்ணுமே இல்லையே, என்ன பண்றதுன்னு யோசிச்சேன். நடக்காதது ஒண்ணு இருந்துச்சு.

உங்ககிட்ட சொன்னாளே, அக்கா ஆல்டியே வந்தா, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தா, மழையில நனைஞ்சு வந்தா, மூணாவது தட்டு எடுத்து வெச்சோம், அவளுக்கு என் உருளைக்கிழங்குல ரெண்ட எடுத்துப் போட்டேன், சேந்து சாப்பிட்டோம்னு. அதுல அவ வந்ததும் மழையும் ஆறு மணியும் மட்டும்தாம்மா நெசம். அதுவும் போன வாரம் இல்ல. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி.

அன்னிக்கு ஆல்டியே சொல்லாம கொள்ளாம வந்து நின்னா. ஆறு மணி. நாங்க மேசையில உக்காந்தாச்சு. உங்க வீட்டுல எப்படியோ, எங்க வீட்டுல உருளைக்கிழங்கு எண்ணித்தான் வேகும், இறைச்சி உருண்டை ரெண்டு, ஆளுக்கு ஒண்ணு. நாங்க சாப்பிட்டுட்டு இருக்கோம், நீ முன்னறையில உக்காரு, முடிச்சுட்டுக் காபி கொண்டாறேன்னா ஹிஸ்கே. கோவமா எல்லாம் சொல்லல, சாப்பாட்டு நேரத்துல யாரு வந்தாலும் எங்க பக்கம் எல்லாரும் சொல்றதுதானே. வெளக்கப் போட்டு, பேப்பரையும் கையில குடுத்துட்டு வந்தா. நாங்க தின்னோம். நானும்தான் தின்னேன், கடைசியில இனிப்பு புட்டிங்கையும் விடல. காபிய எடுத்துட்டுப் போனா ஆள் இல்ல. பேப்பர் மடிச்சபடியே இருந்துச்சு. புருஷன் அன்னிக்குக் காலையிலதான் அவள விட்டுட்டுப் போயிருக்கான். அதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருக்கா. எங்களுக்கு வேற ஆளு மூலமாத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் இவளும் அங்க போகல, அவளும் இங்க வரல. பதினாலு வருஷம்.

இத நான் மாத்திச் சொல்லிக் குடுத்தேன். ஒரே ஒரு தடவதான் சொன்னேன். மறுபடி சொல்லுன்னு கேக்கவே இல்ல. அவளா சொன்னா. தட்டோட ஓரத்துல நீலக் கோடு இருந்துச்சுன்னா, ஆல்டியே மழைக்கோட்ட கழட்டி அடுப்புகிட்ட காயப் போட்டான்னா. அதெல்லாம் நான் சொல்லிக் குடுக்காததும்மா. அன்னிக்குப் பரிட்சையில முழு மார்க்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதேதான். நான் உள்ள போயி, ஆல்டியே மறுபடி வந்தாங்கன்னு சொல்லுவேன். அவளும் சொல்லுவா. போன மாசம் டாக்டரு கம்ப்யூட்டர்ல ஒரு படம் காட்டினாரு. எல்லாரோட கோடும் கீழ எறங்குது, உங்க மனைவியோடது மட்டும் நேரா போகுது பாருங்கன்னாரு, அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அது என்னோட கோடும்மா. அத வெச்சுத்தான் இவங்க நாளைக்கு உங்கப்பா மாதிரி ஆயிரம் பேருக்கு மருந்து எழுதப் போறாங்க.

வீட்டுல என்னன்னா, இப்ப தெனமும் ஆறு மணிக்கு மூணு தட்டு வெக்கறா. வாசலையே பார்க்கறா. நானும் மூணு பேருக்கு வேகவெச்சு ஆல்டியே பங்கையும் நானே திங்கறேன், நாலு கிலோ ஏறிட்டேன். சிரிங்க, பரவால்ல. என் பேரு அவளுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் வருது. நடக்காத அந்த ஒரு சாப்பாடு மட்டும் மறக்கவே மாட்டேங்குது.

ஆல்டியேவ நெசமாவே கூப்பிட்டிருக்கலாமேங்கறீங்களா? கூப்பிட்டிருக்கலாம். நம்பர் இருக்கு. வந்தா, நான் பதினாலு வருஷமா இந்தப் பக்கமே வரலயேன்னு யாருகிட்டயாவது வாய் விட்டுருவாளே. கூப்பிடல. கேவலமாத்தான் இருக்கு.

மருந்து வேல செய்யுதா இல்லையான்னு என்கிட்டக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. வேல செஞ்சாலும் என்னால தெரியாமப் போச்சு. செய்யலன்னாலும் என்னால தெரியாமப் போச்சு. கையெழுத்துப் போட வேணாம்னும் சொல்லல. போடுங்க, யோசிச்சுப் போடுங்க, ஆனா என் பெண்டாட்டியப் பார்த்துப் போட்டுடாதீங்க. அவ்வளவுதான்.

எந்திரிக்காதீங்கம்மா. இன்னும் ஒண்ணு இருக்கு. மணி என்ன ஆச்சு? பதினொண்ணேகாலா?

இதோட போச்சுன்னா நான் உங்ககிட்ட வாயே தொறந்திருக்க மாட்டேன். அந்தத் தாள்ல ஏழாவது பக்கத்துல இருக்கும் பாருங்க. மருந்து சில பேருக்கு மூளையில வீக்கம் குடுக்கும், ரத்தம் கசியும். தலவலி வந்தா ஒடனே சொல்லணும், சொன்னா ஸ்கேன் எடுத்துப் பார்க்கற வரைக்கும் ஏத்த மாட்டாங்க. காலையில மர்லூஸ் வழக்கம் போலக் கேட்டா. தலவலி உண்டா? இல்ல. தலசுத்தல்? இல்ல. கண்ணு மங்கல்? இல்ல. எல்லாக் கட்டத்துலயும் இல்லன்னு போட்டுட்டா. நான்தான் சொன்னேன். ஹிஸ்கேவுக்கு ஞாபகம் இருக்காதே, அவள எங்க கேக்கறது, கூட்டாளியத்தானே கேப்பாங்க.

காலையில எந்திரிச்சதும் பின்மண்டையப் புடிச்சுக்கறா. தொப்பி இறுக்குது, கழட்டி விடுங்கறா. தலையில தொப்பியே இல்ல. நேத்து ரெண்டு தடவ வாந்தி எடுத்தா.

தெரியும்மா. தெரியும். அப்படிப் பார்க்காதீங்க. சொன்னா நிறுத்திருவாங்க. நிறுத்தினா தோண்டுவாங்க, பரிட்சை, ஆல்டியே, எல்லாம் வெளிய வந்துரும். எல்லார் முன்னாடியும் அவ திருட்டுப் பரிட்சை எழுதினவளா நிப்பா. பதினொண்ணரைக்குள்ள போயி சொல்லிடணும்னு காலையிலேர்ந்து பார்க்கறேன், கால் எந்திரிக்க மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு. அவ இல்லாமப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு. அந்தப் பயத்துலயே நானே அவளக் கொன்னுடுவேன் போலருக்கு.

அதோ, வெளிய வந்துட்டா. சிரிக்கறா பாருங்க, நல்லா சொல்லிட்டா போலருக்கு. மர்லூஸ் கையப் புடிச்சு ட்ரிப்ஸ் ரூம்புக்குத்தான் கூட்டிட்டுப் போறா.

நீங்க என்கூட அந்தக் கதவு வரைக்கும் வர முடியுமா? ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல நில்லுங்க, போதும். நான் அங்க போயும் ஊமையா நின்னுட்டா நீங்க சொல்லிடுங்க. ஒம்பது நாளா தலவலின்னு சொல்லுங்க. ஒம்பது நாளுங்கறத மறந்துடாம சொல்லுங்க.