சீப்பு நழுவாத நாற்பது நிமிடம்

— மறுபடி நழுவிடுச்சு, கோர்பினியன்! லேசரைத் திருப்பற உன் கண்ணாடி சரியில்லன்னு ஆறு வாரமா கத்துறேன்.

— என் கண்ணாடிக்கு என்ன குறைச்சல்? உன் ஒளியிழையைப் பாரு, அன்னலோரே. சிவப்பா உள்ள போற லேசர் வானவில்லா வெளிய வருது, சரி. ஒரு நிமிஷமாவது ஒரே இடத்துல நிக்குதா?

— அந்த வானவில்லுக்குள்ள லட்சக்கணக்குல கோடு இருக்கு, சீப்புப் பல்லு மாதிரி. மொத்தச் சீப்பையும் அசையாம பிடிச்சு வைக்கறது உன் வேலை. பிடிக்கத் தெரியல, பழி மட்டும் எனக்கா?

— ரெண்டு மணிக்கு ஆய்வகத் தலைவர் வராரு. அரை மணி நேரம் நழுவாம நிக்கலன்னா லேசரைக் கழட்டி அடுத்த குழுவுக்குக் கொடுத்துடுவாங்க. நாலு வருஷ உழைப்பு!

— அப்போ நீயே தனியா நின்னு காட்டு. மியூனிக்கே வேண்டாம் எனக்கு. பெர்லினுக்கு மாத்திடுங்கன்னு இப்பவே போய்ச் சொல்லப்போறேன்.

— போ! தாராளமா போ!

*

— சைக்கிள் சாவியை விட்டுட்டேன். எடுக்கத்தான் வந்தேன், பேச வரல.

— உஷ்ஷ்... மெதுவா. வாசல்லயே நில்லு. அங்கிருந்தே திரையைப் பாரு.

— என்னடா புதுசா ரகசியம்... நாற்பத்தொரு நிமிஷமா? திரை உறைஞ்சு போச்சா?

— உறையல. கடைசி இலக்கம் துடிக்குது பாரு.

— ஐயோ... ஆமா.

— வானவில்லுல இருக்கற அந்த ஆரஞ்சு வெளிச்சம் நொடிக்கு ஐந்நூறு லட்சம் கோடி தடவை அலையடிக்குது. நீ படியிறங்கினதுல இருந்து ஒரு அலைகூட விட்டுப்போகல. அத்தனையும் நம்ம சீப்பு எண்ணியாச்சு.

— கோர்பி... வெளிச்சத்தையே எண்ணிட்டோமா நாம?

— எண்ணிட்டோம். மூச்சு விடக்கூடப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நடுவுல ரெண்டு தடவை அழுதுட்டேன், வெளிய சொல்லிடாத.

— சர்ச்சுக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு. சத்தமா பேசவே தோணல... சரி, எதை மாத்தின? உன் கண்ணாடியா, என் இழையா? என் இழைதான்னா சொல்லிடு, தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன்.

— எதையும் தொடல. நீ போனப்புறம் இந்த அறையில யாரும் கத்தல, அவ்வளவுதான். ஆறு வாரமா அந்தக் கண்ணாடியை ஆட்டினது நம்ம குரல், அன்னலோரே.