வெள்ளைத் தகடு வரைக்கும்

இல்லம்மா, அந்தத் துப்பாக்கிய மட்டும் இன்னிக்கு வித்துடாத. அந்த ஆளு நாளைக்கும் வருவான். துப்பாக்கி வாங்குறவனுக்கு வயோமிங்ல என்ன பஞ்சம்? மொதல்ல இப்படி என் வண்டி பின்பலகைல உக்காரு. காபி இருக்கு, கசக்கும், சக்கர போடல. இந்தச் சுடுற மைதானத்துல காத்து இப்படித்தான், ஒரு நெலையில நிக்காது. அது நிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்.

இத வித்துட்டு மேக்னம் துப்பாக்கி வாங்கப் போறியா? யாரு சொன்னா? ம்... கடைக்காரன் சொல்லத்தான் செய்வான். தூரமா போகும், வாஸ்தவந்தான், உள்ள அவ்வளவு மருந்து அடைச்சிருக்கானே. ஆனா தோள்ல அது விடுற குத்து இருக்கு பாரு, நாலு தடவ வாங்கினா போதும், அடுத்த தடவ விசையத் தொடுறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்கும். மூடலன்னு நீ சத்தியம் பண்ணுவ. பெரிய பெரிய மீசைக்காரனெல்லாம் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு சுடுறத நான் பாத்திருக்கேன். வேட்டைக்குப் போறவன் வருஷத்துக்கு ஒரு தடவயோ ரெண்டு தடவயோ சுடுறான், அவனுக்குச் சரி. நாள் பூரா குப்புறப் படுத்து இரும்புத் தகட்ட தட்டிக்கிட்டிருக்குற நமக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு?

உன்னோட ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கியே போதும். க்ரீட்மூர்னு அதுக்கு முழுப் பேரு, தெரியும். எங்க வீட்ல அந்தப் பேரச் சொன்னா சண்ட வரும், அதனால ஆறரைன்னே வாய்ல வந்துடுச்சு. மெலிசா, நீளமா குண்டு. காத்து அதப் பெருசா தள்ளாது, தோளையும் ஒடைக்காது. காலைலேர்ந்து உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். கோவிச்சுக்காதம்மா, இந்தத் தூரக்கண்ணாடி வழியாதான் பாத்தேன். நீ விசைய வெடுக்குன்னு இழுக்கல, பதமா அழுத்துற. கண்ணும் மூடல. அதான் வந்து கேக்குறேன். அந்தப் பள்ளத்துக்கு அப்பால, செம்மண் மேட்டுல, வெள்ளையா ஒரு தகடு தெரியுதா? வெறுங்கண்ணுக்குத் தெரியாது, இதுல பாரு. ஆங், அதேதான். ஆயிரத்து நானூறு கெஜம். அதுல ஒரு குண்டு படணும் எனக்கு. ஒண்ணே ஒண்ணு. நீ சுடணும்.

நானா? நான் சுட்டதே இல்ல. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். நான் பாக்குறவ. எங்க வீட்டுக்காரரு ஓரின் சுடுவாரு, நான் பக்கத்துல குந்திக்கிட்டு குண்டு எங்க விழுந்துச்சுன்னு பாத்துச் சொல்லுவேன். கல்யாணமான புதுசுலேர்ந்து எங்களுக்கு ஞாயித்துக்கெழமன்னா அதான். மத்த பொம்பளைங்க சர்ச்சுல பாட்டுப் பாடிக்கிட்டிருப்பாங்க, நான் இங்க புழுதில உக்காந்து காத்து எந்தப் பக்கம்னு கத்திக்கிட்டிருப்பேன். குண்டு போறது கண்ணுக்குத் தெரியும், தெரியுமா உனக்கு? குண்டு தெரியாது, அது ஒதுக்கிட்டுப் போற காத்து தெரியும். வெயில் நேரத்துல தார் ரோட்டு மேல காத்து நெளியுமே, அப்படி ஒரு நெளிவு ஏறி, வளைஞ்சு, எறங்கும். ரெண்டு செகண்டுதான். பழகின கண்ணுக்கு அம்புடும். சுடுறவருக்குத் தோள்ல விழுற அடியில ஒண்ணும் தெரியாது. பக்கத்துல இருக்குறவ சொன்னாத்தான் உண்டு.

அவரு த்ரீ நாட் எய்ட் துப்பாக்கி ஆளு. பட்டாளத்துல கையில குடுத்தாங்க, ஊருக்கு வந்தும் அதையே கட்டிக்கிட்டு அழுதாரு. நான் அதக் கொற சொல்லல. கொழல் லேசுல தேயாது, எந்தக் கடையிலயும் தோட்டா கெடைக்கும், ஆயிரம் கெஜம் வரைக்கும் அதக் கேக்க ஆளில்ல. அதுக்கு மேலதான் மூச்சு வாங்கும். சத்தத்தோட வேகத்துக்குக் கீழ வர்ற எடத்துல குண்டு தள்ளாட ஆரம்பிச்சுடும்மா. அப்புறம் எங்க போகுதுன்னு அதுக்கே தெரியாது. அந்த வெள்ளத் தகட்ட தோள்ல தூக்கிட்டுப் போயி நட்டவரே அவருதான். நட்ட நாள்லேர்ந்து ஒரு தடவகூட அடிக்கல.

ஏன் மாத்தலயா? நல்லாக் கேட்ட. ஆறரை வாங்கித் தொலைங்கன்னு நான் சொல்ற நேரமெல்லாம், போடி, அது கொண்ட போட்ட பசங்க சுடுறதுன்னுடுவாரு. ஒரு நாளு நெசமாவே கொண்ட போட்ட பையன் ஒருத்தன் பக்கத்து மேடைல வந்து படுத்தான். ஆறரைதான். மூணாவது குண்டுல அந்தத் தகட்ட டங்குன்னு அடிச்சான் பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல. வாய்ல தொப்பிய வச்சுப் பொத்திக்கிட்டேன். இவரு அன்னிக்கு சாப்பிடவே இல்ல. மான்கறி வறுத்தது அப்படியே ஆறிப் போச்சு.

அவரு இருந்தா நான் ஏம்மா உன்கிட்ட வந்து கெஞ்சுறேன்? பிப்ரவரில போயிட்டாரு. வாசல்ல பனி தள்ளிக்கிட்டிருந்தாரு. எட்டிப் பாக்குறேன், பனிக்குள்ள சொருகின மண்வெட்டி நிக்குது, ஆளு கீழ கெடக்குறாரு. வேணாம், நீ ஒண்ணும் சொல்லாத. ஊரே சொல்லிட்டுப் போச்சு. ஆளுக்கொரு தட்டுல உருளக்கெழங்கு வேக வச்சுக் கொண்டாந்தாங்க, தின்ன ஆளில்லாம நாய்க்குப் போட்டேன்.

ஏப்ரல்ல எங் கொழுந்தன் மெர்ல் வந்தாரு. அண்ணன் துப்பாக்கி, அண்ணன் தோட்டா, அதாலயே அந்தத் தகட்ட அடிக்கணும்னாரு. த்ரீ நாட் எய்ட் அவ்வளவு தூரம் ஒழுங்கா போகாதுப்பா, யார்கிட்டயாவது ஆறரை வாங்கிச் சுடுவோம்னு சொன்னேன். மொறைச்சாரு பாரு என்னைய! இது அண்ணனுக்குச் செய்யுற துரோகம், அண்ணின்னாரு. சரின்னு விட்டுட்டேன். அண்ணன் தோட்டா அடைக்குற மேஜைல உக்காந்து ஒரே ஒரு தோட்டாதான் தயார் பண்ணினாரு. சுட்டாரு. நான் பாத்துக்கிட்டிருந்தேம்மா. நெளிவு ஏறுச்சு, வளைஞ்சுச்சு, எறங்கப் போச்சு. அந்தத் தள்ளாடுற எடத்துல காணாமப் போச்சு. தகட்டுல சத்தமே இல்ல. காஞ்ச மண்ணா இருந்தா தூசி கெளம்பியாவது காட்டிக்குடுத்திருக்கும், அன்னிக்கு மொத நாளு மழை. கண்ணுல வேற தண்ணி நின்னுக்கிட்டிருந்துச்சு, காத்துன்னு வச்சுக்கயேன். இத்தன வருஷத்துல நான் பாக்காம விட்ட குண்டு அது ஒண்ணுதான். விடுங்க அண்ணி, அவருக்குப் புடிச்ச காட்டுலதான் எங்கயாவது கெடக்கும்னு மெர்ல் தோளத் தட்டிட்டுப் போயிட்டாரு.

அன்னிலேர்ந்து கேக்குறாரு.

மெர்ல் இல்லம்மா, ஓரின். சாயங்காலம் பாத்திரம் கழுவிட்டு கொழாய மூடுவேன்ல, அப்ப. எடது தோளுக்குப் பின்னாடி, மெதுவா. எங்க விழுந்துச்சு, வெல்டா? என் பேரச் சொல்லி அது மட்டுந்தான், வேற ஒரு வார்த்த கெடையாது. சுட்டு முடிச்சதும் எப்பவும் கேக்குறதுதான் அது. மேல, கீழ, எடது பக்கம் ஒரு சாண்னு நான் சொல்லுவேன். சொல்ற வரைக்கும் துப்பாக்கிலேர்ந்து கன்னத்த எடுக்க மாட்டாரு, அப்படியே கெடப்பாரு மனுசன். இப்பவும் அப்படித்தான் எங்கயோ காத்துக்கிட்டுக் கெடக்குறாரு.

பேயா? பேய்னா பயந்து எம் பொண்ணு வீட்டுக்கு ஓடிருக்க மாட்டேனா? பயமே இல்லம்மா எனக்கு. வெக்கம். அந்த ஒரு வேலதான் என் வேல, அதச் செய்யாம விட்டுட்டேன். பாஸ்டர்கிட்ட போயிச் சொன்னேன், துக்கம் அப்படித்தான் பேசும், போகப் போக சரியாயிடும்னாரு. எங்க சரியாகுது? ஒரு நாளு பொய்யே சொல்லிப் பாத்தேன். தகட்டுலதான் பட்டுச்சு, நட்ட நடுவுலன்னேன். அப்பாடான்னு துண்ட எடுத்துக் கையத் தொடைக்குறேன், டங்குன்னு சத்தம் வரலியே, வெல்டாங்குறாரு.

அவர ஏமாத்த முடியுமா? காது அப்படி.

புல்லப் பாரு, அவ்வளவா ஆடல. காத்து அடங்கிடுச்சு. வா, படு. உன் பெட்டிலேர்ந்து ஒரு தோட்டா எடுத்துக் குடு. அடுத்தவங்க கையால அடைச்சத நம்ம துப்பாக்கில போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா, அதனாலதான் உன்னோடதையே கேக்குறேன். மருந்துப் பக்கம் கையே கொண்டு போக மாட்டேன். குண்டு மூக்குல ஊசி நொழையுற மாதிரி ஒரு ஓட்ட இருக்கு பாத்தியா, அதுக்குள்ள இந்த டப்பால இருக்குறத பல்குச்சியால துளி போல தள்ளி, மேல மெழுகு ஒரு சொட்டு வச்சு மூடிடுறேன். நீ பாத்துக்கிட்டே இரு, ஒளிவு மறைவு ஒண்ணுமில்ல.

இந்த டப்பாவா? டப்பா பொகையிலை டப்பாதான். உள்ள பொகையிலை இல்லம்மா, ஓரின் இருக்காரு. பொண்ணு கொஞ்சம் எடுத்துக்கிட்டா, ஆத்துல கொஞ்சம் விட்டோம், ஏப்ரல்ல மெர்ல் தோட்டால கொஞ்சம் போனாரு. இது மிச்சம். இந்தத் தடவ எங்க விழுதுன்னு நான் பாத்தாகணும்.

கைய ஏம்மா இழுத்துக்குற? அவர எரிச்ச சாம்பல்தான், ஒண்ணும் பண்ணாது. ஒரு சிட்டிகைகூட வராது. ஆங், குடு. பாத்தியா, அவ்வளவுதான், ஆச்சு. உள்ள போட்டுக்கோ. காத்து வலது பக்கத்துலேர்ந்து லேசா, அர ஆளு அகலம் தள்ளிப் புடி. மூச்ச வெளிய விட்டுட்டு உன் நேரத்துக்குச் சுடு, அவசரமே இல்ல.

சுட்டதும் என்கிட்ட எங்க விழுந்துச்சுன்னு மட்டும் கேட்டுடாத, என்ன? மொதல்ல அவரு கேப்பாரு. அவருக்குச் சொல்லிட்டு உனக்குச் சொல்றேன்.