பெருநாள் மேடையில் முதல் பாட்டு

மன்னாரில் ரொக் இசைக்குழு நடத்துவதற்கு முதலில் தேவை கிற்றார் அல்ல, ஐயா. கழுதை விரட்டத் தெரிந்த ஒருவன். எங்கள் ஒத்திகைக் கொட்டிலுக்குள் அவை கேட்காமலே வந்து நிற்கும். அந்த வேலையும் பேஸ் கிற்றாரும் ஒலி அமைப்பும் என் பொறுப்பு. பாடியது டிலுக்சன்.

அவன் பாடினால் மீன் சந்தையே கைவேலையை விட்டுவிட்டுக் கேட்கும். கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா, மாதா கோயில் பெருநாள் என்று குழுவின் நாலு பேரும் ஒரே வான் வண்டியில் சுற்றினோம். அந்தச் சந்தோசம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

பிறகு அவன் தனியாக வெளியிட்ட பாட்டொன்று யூரியூப்பில் பிய்த்துக்கொண்டு போனது. கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

"மச்சான் றொட்னி, பெருநாளோட நான் தனியப் போறன். குறை நினையாத."

"அதுக்கென்ன மச்சான், சந்தோசமாப் போ" என்றேன். எனக்குக் கோபமே வரவில்லை. தனியாக நின்று என்ன செய்யப்போகிறான் என்று பாவமாகத்தான் இருந்தது.

எங்கள் கரையில் பெருநாள் மேடையின் முதல் பாட்டு மாதாவுக்கு. பாடுகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மைக்கைப் பிடிப்பான். டிலுக்சன் அதில் ஒருநாளும் தவறியதில்லை, நல்ல பிள்ளை. பெருநாளன்று பின்னேரம் மேடைக்குத் தண்ணீர் தெளித்தேன். புழுதி அடங்கியது என்று எல்லோருக்கும் திருப்தி. மைக் வயரில் நான் செய்த சின்ன மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை.

முதல் வரியைக்கூட அவன் முடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

இப்போது அவன் படத்தை நடுவில் வைத்து, பதிவுசெய்த குரலுக்கு நாங்கள் வாசிக்கிறோம். கூட்டம் முன்பைவிட அதிகம். அவனும் பிந்தி வருவதில்லை. அவன் அம்மா றஞ்சிதம் முன்வரிசைக் கதிரையில் இருப்பார். போன கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீ இல்லாட்டி என்ர பிள்ளையைச் சனம் எப்பவோ மறந்திருக்கும், தம்பி."

நேற்று நீங்கள், அன்று மேடைக்குக் கரண்ட் கொடுத்த ஜெனரேற்றர்காரர் இரத்தினத்தைப் பிடித்துவிட்டீர்கள். அவர் பாவம், அவருடைய மெஷினில் ஒரு பிழையும் இல்லை. கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

சனிக்கிழமை மட்டும் என்னை விடவேண்டும், ஐயா. இலுப்பைக்கடவையில் நிகழ்ச்சி இருக்கிறது. நான் போகாவிட்டால் டிலுக்சன் தனித்துப்போவான்.