ஆறாம் கூடைக்கு நான் கொடுத்த சான்று

சேலம் மாவட்டம், ராசிபுரம் வட்டம், கரட்டுப்புதூர், மேற்குத் தெரு, கதவு எண் 14-ல் குடியிருக்கும் சென்னியப்பன் மகன் ராசப்பன், வயது 47, உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர், 1984ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 9ஆம் தேதி காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவியுடன் வசித்து வருகிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே பள்ளியில் வேலை. டிரில் வாத்தியார் என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். இந்த வழக்கில் காயம்பட்ட செல்லியம்மாள் பேரூராட்சிப் பூங்காவைக் கூட்டிப் பெருக்கும் வேலை செய்பவர். ஊர் நலச் சங்கத் தலைவர் சென்னிமலை லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். இருவரையும் எனக்குத் தெரியும். முன்விரோதம் கிடையாது.

கடந்த ஏப்ரல் மாதம் தலைவர் சென்னிமலை பள்ளிக்கு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் தன் மச்சினர் அனுப்பியதாக மூன்று பிளாஸ்டிக் தட்டுகளும் ஒரு போட்டோவும் காட்டினார். தட்டைத் தூரத்தில் நின்று வீசிக் கம்பத்தில் உள்ள இரும்புக் கூடைக்குள் விழ வைக்க வேண்டும், பிறகு அடுத்த கூடைக்குப் போக வேண்டும், அதுதான் விளையாட்டு என்றார். பூங்காவில் ஒன்பது கூடைகளை ஏற்கெனவே நட்டுவிட்டார். தட்டு பட்டுத் தங்குவதற்கு லாரியின் பின்கதவுச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார். விளையாட்டுத் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சான்று கொடுத்தால்தான் பேரூராட்சி அனுமதி தரும் என்றார். நான் இப்படியொரு விளையாட்டைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்றேன். “ஓடறது, எறியறது எல்லாம் உங்க டிபார்ட்மென்ட்டுதானுங்க வாத்தியாரே” என்றார்.

அதன் பிறகு மூன்று நாள் சாயங்காலம் நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கும் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். ஒவ்வொரு கூடைக்கும் முப்பது தரம் வீசிப் பார்த்தேன். உள்ளபடி சொன்னால் எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. எட்டு கூடைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறாவது மட்டும் சரியில்லை. வீசும் இடத்துக்கும் கூடைக்கும் நடுவில் தண்ணீர்க் குழாய்க்குப் போகும் நடைபாதை குறுக்கே வருகிறது. பாதையோரம் காகிதப்பூச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருப்பதால் வருகிறவருக்கு வீசுகிறவரைத் தெரியாது, வீசுகிறவருக்கு வருகிறவரைத் தெரியாது. நான் வீசிய முப்பதில் பதினொன்று அந்தப் பாதைக்கு மேல் முகத்தளவு உயரத்தில் போயின.

இதை நான்கு பக்கம் எழுதி, ஆறாம் கூடையைப் பிடுங்கிக் கிழக்கு மூலையில் நட வேண்டும் என்று கொடுத்தேன். தலைவர் முதல் பக்கத்தைப் படித்தார். கான்கிரீட் இறுகிவிட்டது, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது, திறப்பு விழா முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதன் பிறகு ‘ஒன்பது கூடைகளும் விளையாடத் தகுதியாக உள்ளன’ என்று ஒரே வரி டைப் அடித்த காகிதத்தை நீட்டினார். பள்ளி மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக அவர் சொல்லியிருந்த சமயம் அது. தலைமை ஆசிரியர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார். நான் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை ஒன்றாம் தேதி விழா நடந்தது. கூடையை யாரும் மாற்றவில்லை. இரண்டு முறை கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். அதன் பிறகு வேறு வழி தெரியாமல் தினமும் சாயங்காலம் பள்ளி விசிலை எடுத்துப்போய் அந்தச் செடியோரம் நின்றேன். ஒரு தரம் ஊதினால் நடக்கிறவர்கள் அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு தரம் ஊதினால் போகலாம். முதலில் செல்லியம்மாளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். சிரித்தார். ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை. என் மாணவர்கள்கூட அப்படி நின்றதில்லை.

அதற்குள் பிளாஸ்டிக் தட்டுகளில் ஒன்று புளியமரத்தில் மாட்டிக்கொண்டது, மற்ற இரண்டும் வெடித்துப்போயின. அதன் பிறகு பட்டறையில் டிரம் தகரத்தை வெட்டி இருபது தட்டு செய்துவிட்டார்கள். ஓரத்தைக்கூட மடிக்கவில்லை. நான் பட்டறைக்கே போய், இது ஆளை அறுக்கும் என்றேன். “தட்டு எதுல இருக்கோணும்னு உங்க சர்டிபிகேட்டுல ஒண்ணும் போடலையேங்க” என்றார் தலைவர்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி இருக்கும். ஆடிக்காற்று பலமாக அடித்தது. பட்டறை வெல்டர் சுப்பையன் ஆறாம் கூடைக்குத் தகரத் தட்டை வீசினார். அவர் மேல் தப்பில்லை, கூடையைப் பார்த்துத்தான் வீசினார். தட்டு கையை விட்ட பிறகுதான் செல்லியம்மாள் குப்பைக் கூடையுடன் செடியைத் தாண்டி வந்ததைப் பார்த்தேன். ஒரு தரம் ஊதினேன். விசில் ஊதியதும் நின்றார், அந்த இடத்திலேயே. காற்றில் திரும்பிய தட்டு இடது கண்ணில் பட்டது. இன்னும் இரண்டடி நடந்திருந்தால் தப்பியிருப்பார்.

அதன் பிறகு நானும் சுப்பையனும் அவரை ஜீப்பில் ஏற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். விசில் ஊதியும் கேளாமல் குறுக்கே ஓடியதாக ஒரு காகிதத்தில் சங்கத்து ஆட்கள் அவரிடம் கைரேகை வாங்கிப் போயிருந்தார்கள். வைத்தால்தான் பூங்கா வேலை நிலைக்கும் என்றார்களாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க சாமி. கண்ணுதான் போச்சு, வேலையாச்சும் இருக்கட்டுமுங்க” என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உதவி ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். அவர் ஓடவில்லை. நான் நிற்கச் சொன்னேன், நின்றார். அந்தக் காகிதம் பொய். ஆனால் அதைப் பொய் என்று நான் சொல்வதற்காக அவர் வேலையைப் பறிக்கக் கூடாது என்று கேட்டேன். அது காவல் நிலையத்தின் கையில் இல்லை என்று சொல்லப்பட்டது.

நான் சொல்லச் சொல்ல நிலைய ஏட்டு எழுதிய இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் ‘விசில் ஊதியும் கேளாமல்’ என்று எழுதியிருந்தது. அதை அடித்து ‘விசில் ஊதியதும் நின்றார்’ என்று திருத்தும் வரை பேனாவைத் தொடமாட்டேன் என்றேன். திருத்தப்பட்டது. இப்போது இதில் உள்ளதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
செ. ராசப்பன்